டூப்ளிகேட் யார்கிட்ட?

என் அண்ணன் கண்ணை மூடுவதற்கு முந்தைய வருஷம் ஒரு கார் வாங்கினார். வாங்கினாரே தவிர, அதை அவர் ஓட்டிப் பார்த்தவர்கள் குறைவு. போர்டிகோவில் நிற்கும், துடைக்கப்படும், மறுபடியும் நிற்கும். சாவி போடாத கார். சாவி உண்டு, ஆனால் எங்கேயும் போட வேண்டாம். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் போனால் கதவு திறக்கும். உள்ளே உட்கார்ந்து ஒரு பொத்தானை அமுக்கினால் கிளம்பிவிடும். அந்தச் சாவியைக் கையில் வாங்கிப் பார்த்தேன். கூழாங்கல் மாதிரி கறுப்பாக ஒரு கட்டி. தடவித் தடவிப் பார்த்தும் பல் தட்டுப்படவில்லை.

"பல்லு கட்டுற பிள்ளை இருக்கிற வீட்டுல பல்லில்லாத சாவியை வாங்கிட்டு வந்திருக்கீங்களே, அண்ணா" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. கார் விஷயத்தில் அவர் சிரிப்பது கிடையாது.

பல் கட்டுகிறவன் அவருடைய சின்ன மகன். டாக்டர்கள் அளவெடுத்து அனுப்பினால் பல்செட் செய்து கொடுக்கிற பட்டறை வைத்திருக்கிறான். பெரியவனுக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. ஒருத்தன் கண்ணுக்கு, ஒருத்தன் வாய்க்கு. காதுக்குத்தான் எங்கள் வீட்டில் ஆளில்லை. ஒருத்தர் சொல்வதை இன்னொருத்தர் கேட்டு நான் பார்த்ததில்லை.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதி விளங்காது. பெரியவன் என் அண்ணனுடைய மூத்த தாரத்துப் பிள்ளை. அந்த மகராசி, பிள்ளை நடை பழகுவதற்குள் போய்விட்டாள். சின்னவன் இளைய தாரத்துப் பிள்ளை. வளர்த்ததெல்லாம் இளையவள்தான், சோறும் அடியும் ரெண்டு பேருக்கும் ஒரே அளவு. அவளும் அண்ணனுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்தாள். அந்த வித்தியாசத்தை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாததால் அது இல்லை என்று நாங்கள் எல்லாரும் நினைத்துக்கொண்டோம்.

காரோடு ரெண்டு சாவி வந்தது. அண்ணன் ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். கார் யாருக்கு என்று மட்டும் சொல்லாமல் போய்விட்டார். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது, ஒரு தூரத்து மாமா வாயைத் திறந்தார். இதைக் கேட்பதற்கென்றே சிலர் துக்கத்துக்கு வருகிறார்கள்.

"அப்போ அந்தப் புது வண்டி யாருக்கு?"

பெரியவன் நிமிர்ந்தான். "ஒரிஜினல் என்கிட்ட இருக்கு. அவன் டூப்ளிகேட்."

கூடத்தில் இருந்த எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். சின்னவன் எழுந்து வெளியே போனான். அன்றோடு பேச்சு நின்றது.

சாவியைத்தான் சொன்னேன், அவசரத்தில் வார்த்தை சுருங்கிப்போச்சு என்பது பெரியவன் கட்சி. வார்த்தை சுருங்கவில்லை, மனசு விரிந்தது என்பது சின்னவன் கட்சி. நம் பேச்சில் மாற்றுச் சாவிக்கும் டூப்ளிகேட்தான், போலிச் சரக்குக்கும் டூப்ளிகேட்தான். நான் என்ன தீர்ப்புச் சொல்ல? சாவியைத்தான் சொன்னான் என்று என்னால் சத்தியம் பண்ணவும் முடியாது.

பிறகு வீட்டைப் பாகம் பிரித்தார்கள். நடுவில் செங்கல் சுவர் எழுப்ப ஆசைதான், கொத்தனார் கிடைக்கவில்லை, பலகைத் தடுப்பு அடித்தார்கள். எனக்குப் பின்கட்டு, ரெண்டு பக்கமும் கதவு. போர்டிகோ பொது. காரை மட்டும் அறுக்க முடியாதே. ஒரு நாள் பெரியவன், மறுநாள் சின்னவன் என்று முறை வைத்துக்கொண்டார்கள். அந்த முறையைக்கூட அவர்கள் பேசி வைக்கவில்லை, நான் நடுவில் நின்று இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினேன்.

இதில் வேடிக்கை, மருமகள்கள் ரெண்டு பேரும் ஒருத்தியை விட்டு ஒருத்தி இருக்கமாட்டார்கள். சமையலறை ஜன்னல்கள் எதிரெதிரே. காலையில் ஆரம்பிக்கிற பேச்சு விளக்கு வைக்கிறவரை ஓடும். புருஷன்மார் வரும் சத்தம் கேட்டால் ஆளுக்கொரு பக்கம் திரும்பி, கோபமாகப் பாத்திரம் கழுவுவார்கள்.

அண்ணன் தம்பி பேசுவதில்லை என்றேனே, அது சுத்தப் பொய். நாள் பூராவும் பேசினார்கள், எல்லாம் ஜாடையாக. சின்னவன் பூந்தொட்டியைப் பார்த்துச் சொல்வான், "சில பேரு வண்டியைக் கழுவாமயே விட்டுட்டுப் போறாங்கப்பா." பெரியவன் காக்கையைப் பார்த்துச் சொல்வான், "கழுவுறவன் கழுவட்டும், ஓட்டுறவன் ஓட்டட்டும்." காக்கை ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பறந்துவிடும். அதற்கு இருக்கிற புத்தி எனக்கில்லை, நான் உட்கார்ந்தே இருப்பேன்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு காலையில் பெரியவன் முறை. கடைக்குக் கிளம்பி வந்தான், கைப்பிடியைத் தொட்டான், கதவு திறந்தது. பொத்தானை அமுக்கினான், கிளம்பியது. பின்னால் எடுத்து வாசலைத் தாண்டுவதற்குள் வண்டி கீச் கீச் என்று கத்த ஆரம்பித்தது. எதிரே சின்னத் திரையில் சிவப்பாக ஒரு சாவிப் படம் மினுக்கியது.

பெரியவன் கண்ணாடியை இறக்கினான். "அத்தை! வண்டியை வச்சுக்கத் தெரியாதவங்க கையில கொடுத்தா இப்படித்தான் கத்தும்னு சொல்லுங்க."

"யார்கிட்டடா சொல்லணும்?"

"பொதுவா சொல்லுங்க."

கத்தக் கத்தவே ஓட்டிக்கொண்டு போனான். சாயங்காலம் பஸ்ஸில் திரும்பி வந்தான். முகம் தொங்கியிருந்தது. கடை வாசலில் நிறுத்தி அணைத்த வண்டி அதற்கப்புறம் கதவைக்கூடத் திறக்கவில்லையாம். அப்போதுதான் பையைத் தடவிப் பார்த்திருக்கிறான். சாவி இல்லை. கடையில் தேடி, வீட்டில் தேடி, துவைக்கப் போட்ட துணியையெல்லாம் உதறி, மறுபடியும் முதலிலிருந்து தேடினான். எந்தக் கண்ணாடிக் கூட்டுக்குள் விழுந்து எந்த வாடிக்கையாளரோடு போயிற்றோ, கடைசிவரை தெரியவில்லை.

"இந்த விஷயம் இந்த ரூமை விட்டு வெளியே போகக் கூடாது" என்று பெண்டாட்டியிடம் சொல்லியிருக்கிறான். அவளும் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடமும் சின்னவளிடமும் மட்டும்தான் சொன்னாள். சின்னவள் கெட்டிக்காரி. புருஷனிடம் மூச்சு விடவில்லை.

"சொன்னா சந்தோஷப்படுவாரு அத்தை. அடுத்தவங்க கஷ்டத்துல அவர் சந்தோஷப்படறதைப் பாக்க எனக்குப் பிடிக்கலை" என்றாள்.

மறுநாள் சின்னவன் முறை. பல்செட் பெட்டிகளோடு வெளியே வந்தால் போர்டிகோ காலியாக இருக்கிறது. பூந்தொட்டிக்கு அன்று நல்ல வசவு.

"அத்தை, முறைன்னு ஒண்ணு இருக்கு. அதைச் சொந்தப் புத்தியிலதான் தெரிஞ்சுக்கணும், கடையில கண்ணாடி வாங்கி மாட்டினாத் தெரியாதுன்னு சொல்லுங்க."

உள்ளேயிருந்து பெரியவன் குரல்: "அத்தை, வண்டி கடை வாசல்ல நிக்குதுன்னு சொல்லுங்க. அதுக்கு உடம்பு சரியில்லைன்னும் சொல்லுங்க."

சின்னவன் போனான். கைப்பிடியைத் தொட்டதும் திறந்ததாம், அமுக்கியதும் கிளம்பியதாம். சாயங்காலம் வண்டியைப் போர்டிகோவில் விட்டுவிட்டு, வேண்டுமென்றே தடுப்புப் பக்கம் திரும்பி நின்றான்.

"வண்டிக்கு ஒரு கேடும் இல்லை, அத்தை. அது ஆளைப் பாத்து நடந்துக்குது, அவ்வளவுதான்."

தடுப்புக்கு அந்தப் பக்கம் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. விழுந்ததா, எறிந்ததா, தெரியாது.

இதற்கு நடுவில் ஒரு மாற்றம். வழக்கமாக முறையில்லாத நாளில் சின்னவன் தன் சாவியை வீட்டிலேயே ஆணியில் மாட்டிவிட்டுப் போவான். வண்டி இப்படித் தெருவில் கிடந்ததைப் பார்த்த பிறகு அவனுக்கு நம்பிக்கை விட்டுப்போயிற்று. அடுத்த நாள் தன் முறை இல்லாவிட்டாலும் சாவியைப் பையில் போட்டுக்கொண்டே பட்டறைக்குப் போனான். அவன் பஸ் ஏறினானோ இல்லையோ, பெரியவன் சாவிக்காரரை வரவழைத்துவிட்டான்.

சாவிக்காரர் நல்ல பருமன். தோளில் ஒரு பை, கையில் டிபன் பாக்ஸ் மாதிரி ஒரு கருவி, அதில் ஒரு திரை. வேலை செய்வதைவிட வேலையைப் பற்றிப் பேசுவதில் பிரியம் உள்ளவர்.

"எனக்குத் தெரியாத வண்டியே கிடையாது சார். வண்டியோட கண்ணைப் பாத்தே சொல்லிடுவேன்" என்றபடி கதவு இடுக்கில் ஒரு ரப்பர் பையைச் செருகிக் காற்றடித்து, அந்தச் சந்தில் கம்பியை விட்டுத் துழாவினார். கதவு திறந்தது. கூடவே வண்டி அலறியது பாருங்கள், தெருவே எட்டிப் பார்த்தது. எதிர் வீட்டுக்காரர் பல் விளக்கும் பிரஷோடு வந்து நின்றார்.

"சொந்த வண்டிதாங்க!" என்று பெரியவன் கையை ஆட்டிக் கத்தினான். அப்படிக் கத்தினால் யார் நம்புவார்கள்?

ஒருவழியாக அலறலை நிறுத்தி, கருவியின் ஒயரை ஸ்டியரிங்குக்கு அடியில் செருகிவிட்டு, சாவிக்காரர் கீழே இறங்கிப் பேச்சைத் தொடங்கினார். சின்னவள் ஜன்னலில், பெரியவள் படியில், நான் நாற்காலியில்.

"இதுல சாவிங்கிறது சும்மா பேருக்குத்தான் சார். நிஜத்துல நடக்கறது பேச்சு. நீங்க கைப்பிடியைத் தொட்டதும் வண்டி மெதுவா கூப்பிடும். 'இருக்கியா?' சாவி பதில் சொல்லும். 'இருக்கேன்.' அதுவும் ரகசிய வார்த்தையில. நேத்து சொன்ன வார்த்தை இன்னைக்குச் செல்லாது. பக்கத்துல இருந்தாத்தான் காதுல விழும், தள்ளிப்போனா விழாது."

கூப்பிட்டால் பதில் சொல்லுமாம். அந்தக் கறுப்புக் கட்டி எங்கள் வீட்டுப் பிள்ளைகளைவிட மேல் என்று நினைத்துக்கொண்டேன்.

பெரியவனுக்குச் சந்தேகம். "சாவி தொலைஞ்சதே அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. அப்போ காலையில எப்படிக் கிளம்புச்சு?"

"கிளம்பவே கிளம்பாது சார். யாரோ பதில் சொல்லியிருக்காங்க."

"யாரு?"

சாவிக்காரர் வண்டியின் மூக்கைப் பார்த்தார். அது பலகைத் தடுப்பை ஒட்டி நின்றது. பலகையை விரலால் தட்டினார். "இதுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

ஜன்னலிலிருந்து சின்னவள் சொன்னாள், "அவரு சாவி மாட்டுற ஆணி."

"அவ்வளவுதான் சார். பலகையெல்லாம் இதுக்கு ஒரு பொருட்டே இல்லை. வண்டி கூப்பிட்டிருக்கு, ஆணியில தொங்குனது பதில் சொல்லியிருக்கு. தெருவுக்குப் போனதும் சத்தம் எட்டலை, அதான் கத்திருக்கு. ஓடுற வண்டியை நடு ரோட்டுல நிறுத்தினா ஆபத்து இல்லையா, அதனால கத்துமே தவிர நிக்காது. நீங்களா அணைச்சீங்க, அதோட சரி."

பெரியவன் பலகையைப் பார்த்தான். தம்பியின் சாவி தயவில் கடைவரை போயிருக்கிறான், அதுவும் தம்பியைத் திட்டிக்கொண்டே. அவன் முகம் போன போக்கைப் பார்த்துப் பெரியவள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சரி, அதெல்லாம் எதுக்கு இப்போ? புதுச் சாவி போடுங்க" என்றான்.

"போட்டுடலாம். மொதல்ல வண்டியோட ஞாபகத்தை முழுசா அழிக்கணும். தொலைஞ்ச சாவி யார் கையில கிடைச்சிருக்கோ, நாளைக்கு அவன் வந்து ஓட்டிட்டுப் போயிடக் கூடாது இல்ல? அழிச்சதும் இருக்கிற சாவியை எல்லாம் ஒண்ணொண்ணாக் காட்டணும். காட்டுற சாவியை வண்டி ஞாபகம் வச்சுக்கும். வராத சாவியை மறந்துடும். அப்புறம் அது வெறும் பிளாஸ்டிக். டூப்ளிகேட் யார்கிட்ட இருக்கு? கொண்டு வரச் சொல்லுங்க."

பெரியவள் என்னைப் பார்த்தாள், நான் தரையைப் பார்த்தேன்.

"வராது" என்றான் பெரியவன்.

"வராதுன்னா?"

"மறந்துடட்டும்னேன்."

பெரியவள் படியிலிருந்து இறங்கினாள். "ஏங்க, அது கொழுந்தனாரோட சாவிங்க."

"தெரியும்."

"பல்லு பெட்டியெல்லாம் தூக்கிக்கிட்டு அவர் எப்படிங்க ஊர் சுத்துவாரு?"

"பஸ்ல போகட்டும். நான் ரெண்டு நாளா போகலை? இனிமே இந்த வண்டிக்கு ஒரே சாவி. எது ஒரிஜினல், எது டூப்ளிகேட்டுன்னு யாருக்கும் சந்தேகமே வராது."

"டேய், வேணாம்டா" என்றேன். ஊறுகாய் ஜாடியிடம் சொல்லியிருந்தால் அது கேட்டிருக்கும்.

பெரியவள் தாகமாக இருக்கிறது என்று உள்ளே போனாள். தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குத்தான் போக வேண்டும், சமையலறையில்தான் ஜன்னல் இருக்கிறது. எதிர் ஜன்னலில் சின்னவள் போனும் கையுமாகத் திரும்பியதை நான் பார்த்தேன். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

சாவிக்காரருடைய கருவி வண்டியிடம் ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தது. அது பெரிய விசாரணை போல; பெரியவன் உள்ளே ஓட்டுநர் இருக்கையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தான். கடைசியில் திரையில் கேள்வி வந்தது.

"எல்லா சாவியையும் அழிக்கலாமான்னு கேக்குது சார். அழிச்சா திரும்பி வராது. அமுக்கவா?"

பெரியவன் ஸ்டியரிங்கைத் துணியால் துடைத்தான். அது சுத்தமாகத்தான் இருந்தது. என் அண்ணன் துடைப்பது போலவே, விரலுக்குள் துணியைச் சுற்றி ஓரம் ஓரமாகத் துடைத்தான்.

"சார், அமுக்கவா?"

"இருங்க" என்றான்.

அந்த நேரத்தில் வண்டி கண்ணைச் சிமிட்டியது. மடங்கியிருந்த பக்கக் கண்ணாடிகள் ரெண்டும் காதை விரிப்பது போல விரிந்தன. பட்டறை ஆளின் ஸ்கூட்டரை இரவல் வாங்கிக்கொண்டு, கை பூராவும் வெள்ளைச் சாந்தோடு சின்னவன் உள்ளே வந்துகொண்டிருந்தான். சாவி அவன் பையில். எஜமானைப் பார்த்த நாய்க்குட்டிகூட இவ்வளவு குழையாது. உள்ளே உட்கார்ந்திருந்த பெரியவனுக்கு எப்படி இருந்திருக்கும்?

சின்னவன் வண்டியைப் பார்த்தான், ஒயரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "அத்தை, பட்டப்பகல்ல என் சாவியைக் கொல்லப் பாக்கறாங்கன்னு கேள்விப்பட்டேன். உண்மையான்னு கேளுங்க."

"அத்தை, இன்னைக்கு யார் முறைன்னு கேளுங்க" என்றான் பெரியவன் உள்ளேயிருந்து.

"அத்தை, முறை ஓட்டுறதுக்குத்தான், அழிக்கறதுக்கு இல்லைன்னு சொல்லுங்க."

சாவிக்காரர் என்னையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்தார். விஷயம் தெரியாத மனுஷர். வண்டி சிமிட்டியதிலேயே சாவி வந்தவரிடம் இருப்பது தெரிந்து அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, டூப்ளிகேட் நீங்கதானா? வாங்க வாங்க, உங்களைத்தான் தேடிட்டு இருக்கோம்!"

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"யாருய்யா டூப்ளிகேட்?" சின்னவன் சாவிக்காரரிடம் பாய்ந்தான், பாதி வழியில் வண்டிப் பக்கம் திரும்பினான். "சொல்லிக் கொடுத்துட்டியா? உறவுக்காரன் முன்னாடி சொன்னது போதாதுன்னு, சாவி போட வந்தவன்கிட்டயும் சொல்லிக் கொடுத்துட்டியா?"

"நான் ஒண்ணும் சொல்லிக் கொடுக்கலை! சாவியைச் சொல்றாருடா!"

"அன்னைக்கும் சாவியைத்தான் சொன்னே! என் மூஞ்சியைப் பாத்து எந்தச் சாவியைச் சொன்னே?"

"உன் கையில இருந்த சாவியை!"

"கையில இருந்த சாவியை மூஞ்சியைப் பாத்தா சொல்லுவாங்க? கண்ணாடிக் கடை வச்சிருக்கே, உனக்கே கண்ணு தெரியாதா?"

"உனக்கு எல்லாமே தப்பாத்தான்டா படும்! சின்ன வயசுல இருந்தே அப்படித்தான்!"

"அப்போ மனசுல அது இருந்துது. இல்லேன்னு சொல்லு பாப்போம். எங்க அம்மா சோத்தைத் தின்னுட்டு, உள்ளுக்குள்ள அப்படித்தானே நெனச்சே?"

"ஆமாடா! நெனச்சேன்! ஒரு நாள், அந்த ஒரு நாள் நெனச்சேன்! போதுமா? ஆமா!"

கருவி டிங் என்றது.

ரெண்டு பேரும் திரும்பினார்கள். சாவிக்காரர் விரலை எடுத்துக்கொண்டு பணிவாகச் சொன்னார், "ஆமான்னீங்க சார். அமுக்கிட்டேன்."

வண்டியின் கண்ணாடிகள் மடங்கிக்கொண்டன. சின்னவன் பையில் சாவியோடு பக்கத்திலேயே நிற்கிறான், வண்டி ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"உங்களை யாருங்க அமுக்கச் சொன்னது?" பெரியவன் குரல் கிறீச்சிட்டது.

"நீங்கதான் சார், சத்தமா வேற சொன்னீங்க. கவலைப்படாதீங்க, இப்போ புதுசைக் காட்டினா முடிஞ்சுது." பையிலிருந்து ஒரு புதுக் கறுப்புக் கட்டியை எடுத்துப் பொத்தானருகே வைத்தார். திரையில் ஏதோ வந்தது. அவர் அதைப் படித்தார். மறுபடியும் படித்தார். கண்ணைப் பார்த்தே வண்டியைச் சொல்கிறவர் இப்போது திரையை மூக்கில் ஒட்டினாற்போல் வைத்துப் படித்தார்.

"இந்த வண்டிக்கு இப்படி ஒண்ணு இருக்கா!"

"என்ன?"

"ரெண்டு சாவி காட்டணுமாம் சார். ஒண்ணை மட்டும் காட்டினா ஏத்துக்காதாம். ஏற்கனவே கம்பெனியில கொடுத்த சாவி ஒண்ணு, அப்புறம் புதுசு. இந்தக் கோடு தேயறதுக்குள்ள காட்டணும். தேஞ்சு போச்சுன்னா பூட்டிக்கும். அப்புறம் நான் இல்லை, எங்க அப்பாவே வந்தாலும் திறக்க முடியாது. வண்டியை இழுத்துட்டுப் போக வேண்டியதுதான்."

திரையில் பச்சையாக ஒரு கோடு, மெழுகுவத்தி மாதிரி உருகிக்கொண்டிருந்தது.

பெரியவன் கோட்டைப் பார்த்தான். தம்பியைப் பார்த்தான். "டேய், சாவியைக் கொண்டா."

'அத்தை, சொல்லுங்க' இல்லை, காக்கை இல்லை, பூந்தொட்டி இல்லை. அதற்கு முன்னால் அத்தனை கத்தியதுகூட நேருக்கு நேர்தான் என்பது ரெண்டு பேருக்குமே உறைக்கவில்லை. எனக்கு உறைத்தது, சத்தம் போட்டால் கெட்டுவிடுமோ என்று மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தேன்.

சின்னவன் சாவியை வெளியே எடுத்தான். கொடுக்கவில்லை. சாந்து படிந்த உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான்.

"இது என்ன சாவி?"

"விளையாடாதடா, கோடு தேயுது!"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. இது என்ன சாவி?"

"கார் சாவி!"

"அதான் எனக்கும் தெரியுமே. எந்தச் சாவி?"

"சார், பாதி போச்சு" என்றார் சாவிக்காரர்.

பெரியவள் கத்தினாள், "ஏங்க, சொல்லித் தொலைங்களேன்!" ஜன்னலிலிருந்து சின்னவள் கத்தினாள், "ஏங்க, கொடுத்துத் தொலைங்களேன்!" புருஷன்மார் முன்னால் அவர்கள் ஒரே பேச்சைப் பேசி நான் அன்றுதான் கேட்டேன்.

பெரியவன் உதடு அசைந்தது.

"காதுல விழலை" என்றான் சின்னவன்.

"அசல்."

"என்ன?"

"அசல்டா! உன்கிட்ட இருக்கறதுதான் அசல்!" கத்த ஆரம்பித்தவன் குரல் பாதியிலேயே இறங்கிவிட்டது. "நீயும்தான். அம்மா மேல ஆணையா. போதுமா?"

எந்த அம்மா என்று யாரும் கேட்கவில்லை. அவன் அம்மா என்று கூப்பிட்டது ஒருத்தியைத்தான்.

சின்னவன் குனிந்து, அண்ணன் மடிக்குக் குறுக்கே கையை நீட்டி, சாவியைப் பொத்தானருகே பிடித்தான். டிங். சாவிக்காரர் பின்னாலிருந்து புதுசைத் திணித்தார். டிங். கோட்டில் ஒரு நுனிதான் மிச்சம் இருந்தது. வண்டி கண்ணைச் சிமிட்டி, காதை விரித்தது. யாருக்காக என்று சொல்ல முடியாது.

சாவிக்காரர் சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டே புதுச் சாவியைப் பெரியவனிடம் கொடுத்தார். "கம்பெனிச் சாவி இல்லைங்க, நாங்க போடுற டூப்ளிகேட்தான். ஆனா..." சொல்லிவிட்டுத்தான் சுற்றிப் பார்த்தார். "ஆனா நல்ல சாமான்" என்று முடித்துக்கொண்டு ஒரே எட்டில் வாசலைத் தாண்டினார். இந்த வீட்டில் எந்த வார்த்தை ஆகாது என்று அவருக்கும் தெரிந்துவிட்டது.

பெரியவன் புதுச் சாவியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பளபளவென்று இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவன் முதுகு நிமிர்ந்தது.

"எப்படியோ, என்னுது புதுசு" என்றான். "அவன்கிட்ட இருக்கறது பழசு."

"பழசுன்னு யாரைச் சொல்றே?"

"சாவியைச் சொல்றேன்டா!"

"மூஞ்சியைப் பாத்துத்தானே சொன்னே? வயசுல யார் பழசு? முடியெல்லாம் யாருக்குப் போச்சு?"

"கடைக்கு நேரமாச்சு, தள்ளு."

"நானும்தான் போகணும். வேலையை விட்டுட்டு ஓடி வந்ததே உன்னாலதான். பட்டறையில இறக்கிவிட்டுட்டுப் போ." சின்னவன் சுற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தான். கூப்பிடவும் இல்லை, கேட்கவும் இல்லை.

"ஸ்கூட்டர்?"

"சாயங்காலம் வந்து எடுத்துக்கறேன். நீ கிளம்பு."

பெரியவன் பொத்தானை அமுக்கினான். இந்த வண்டிக்கு ஒரு குணம். வந்திருக்கிற சாவி யாருடையதோ அவர் உயரத்துக்கு இருக்கையைத் தானே நகர்த்திக் கொடுக்கும். ரெண்டு சாவியும் உள்ளே இருந்தால் முதலில் அறிமுகமானதைத்தான் மதிக்கும் போலிருக்கிறது. பெரியவன் பனைமரம், சின்னவன் குட்டை. இருக்கை மெதுவாக, மரியாதையாக, முன்னால் நகர ஆரம்பித்தது. பெரியவனுடைய முழங்கால் ரெண்டும் ஸ்டியரிங்கில் முட்டி, தாடை கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

"டேய், நிறுத்துடா! முன்னாடி போகுதுடா!"

"அது எனக்கு உட்காருது."

"ஓட்டுறது நான்டா!"

"அது அசலைப் பாத்து உட்காருதுண்ணே, நான் என்ன பண்ண?"

கத்திக்கொண்டே வாசலைத் தாண்டினார்கள். தெருமுனை திரும்பும்வரை சத்தம் கேட்டது. பெரியவள் படியிலும் சின்னவள் ஜன்னலிலும் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, பேச ஆரம்பிச்சிட்டாங்க" என்றாள் சின்னவள்.

"ஆமாம்டி. இனிமே இவங்க போடுற சத்தத்துல சாயங்காலம் நாம பேசுறது நம்ம காதுல விழாது."